விர்ச்சுவல் டிஸ்க்கிற்கு எந்த பேக்கப்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பழைய கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் இதில் கொண்டு வர முடியுமா?" பேக்கப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்கும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். நானும் அப்படிப் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். அதுவும் இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலையும் பார்த்துக் கொண்டு!

எங்கள் வீடு புழலில், காவாங்கரை பக்கம். சித்தப்பா செங்குன்றத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். மண்டியில் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு புரோகிராம் ஓடிக் கொண்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். புரோகிராம் விண்டோஸ் 7ல் மட்டும்தான் ஒழுங்காக இயங்கும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14ம் தேதியோடு நின்று போனது. கம்ப்யூட்டரும் கிழடாகிவிட்டது. 2023 ஜூன் மாதம் புதிய கம்ப்யூட்டர்கள் இரண்டு வாங்கினோம். "புரோகிராமை மட்டும் மாத்திடாதேப்பா, எனக்கு அது கை பழகிப் போச்சு" என்றார் சித்தப்பா.

சரி என்று பழைய கம்ப்யூட்டரையே ஒரு பைலாக மாற்றிப் புதியதற்குள் வைத்துவிட்டேன்.

விர்ச்சுவல் டிஸ்க் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கலாம். இதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஆரக்கிள் நிறுவனம் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற புரோகிராம்கள் இந்த வேலையைச் செய்கின்றன. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும் அல்லவா? அந்த ஹார்ட் டிஸ்க் உண்மையில் ஒரே ஒரு பெரிய பைல்தான். விண்டோஸ், புரோகிராம்கள், கணக்குகள் எல்லாமே அந்த ஒரு பைலுக்குள் அடங்கிவிடும். இதுவே விர்ச்சுவல் டிஸ்க். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கை இப்படி ஒரு பைலாக மாற்றித் தர டிஸ்க்-டு-வி.எச்.டி. என்ற சிறிய புரோகிராமை மைக்ரோசாப்ட் இலவசமாகவே தருகிறது.

இந்தப் பைலை ஒரு கம்ப்யூட்டருக்குள் வைக்காமல், நெட்வொர்க்கில் இணைத்த தனி டிஸ்க் பெட்டியில் வைத்தேன். ரிச்சி தெருவில் 'நாஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கொண்ட பெட்டி அது. முன் மேசைக் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால், உள் அறைக் கம்ப்யூட்டரில் அதே டிஸ்க்கைத் திறந்து வேலையைத் தொடரலாம் என்பது என் கணக்கு. ஒரு எச்சரிக்கை: ஒரே விர்ச்சுவல் டிஸ்க்கை இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. இரண்டும் அதில் எழுதத் தொடங்கினால் டிஸ்க் பாழாகிவிடும்.

பேக்கப்பிற்கும் வழி செய்தேன். இரவு 10 மணிக்கு அந்தப் பெரிய பைல் அப்படியே ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி ஆகும். கடைசி ஏழு இரவுகளின் காப்பிகள் அதில் எப்போதும் இருக்கும். காப்பி முடிந்ததும் திரையில் ஒரு பச்சை அடையாளம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா ஷட்டரை இறக்குவார்.

புயல் வந்த நாள்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் மின்சாரம் இல்லை. மண்டியில் கரண்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, டிஸ்க் பெட்டி பாதி வேலையில் அணைந்தது. மின்சாரம் வந்த பிறகு விர்ச்சுவல் டிஸ்க் திறக்கவில்லை.

நான் பதறவில்லை. ஏழு காப்பிகள் இருக்கின்றனவே! ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழில் ஐந்து, விண்டோஸ் வரை வந்தன. இரண்டு அதுவும் வரவில்லை. கணக்கு புரோகிராம் ஒன்றில்கூடத் திறக்கவில்லை. டேட்டா பைல் கெட்டுவிட்டது என்ற செய்திதான் ஏழு முறையும் வந்தது. கடைசியில் உருப்படியாக இருந்தது, ஜூன் மாதம் முதல் நாள் நான் கையால் எடுத்து வைத்த காப்பி மட்டுமே. கிட்டத்தட்ட ஆறு மாதக் கணக்கு போய்விட்டது.

மண்டிக் கணக்கில் விற்பனையைவிட முக்கியமானது பாக்கி. எந்த மளிகைக் கடைக்கு எத்தனை மூட்டை கடனாகப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் வியாபாரத்தின் உயிர். ஆடிட்டரிடம் மாத மொத்தத் தொகை இருந்தது. ஆனால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவரிடம் இல்லை. சித்தி ஒரு நோட்டில் பெரிய கடைகளின் பாக்கியை எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுதான் பாதி பணத்தைக் காப்பாற்றியது. மற்றவர்களிடம் சித்தப்பா நேரில் போய், "உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்று கேட்டார். சோழவரம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தானே வந்து, தன் நோட்டைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி வரவில்லை. மொத்தம் எவ்வளவு போனது என்று சித்தப்பா இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தினமும் ராத்திரி பச்சையா காட்டுச்சேப்பா, அது எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காப்பி ஏன் கெட்டது?

தவறு என்னுடையதுதான். சித்தப்பா இரவில் விர்ச்சுவல் மெஷினை ஷட் டவுன் செய்வதில்லை. கணக்கு புரோகிராமைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவார். அது ஓடிக் கொண்டிருக்கும்போதே என் காப்பி வேலை தொடங்கிவிடும்.

ஒரு கிடங்கில் ஆயிரம் மூட்டைகள் இருக்கின்றன. நீங்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எண்ணிக் கொண்டு போகிறீர்கள். முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் ஆட்கள் மூட்டைகளை இடம் மாற்றிக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சில மூட்டைகளை இரண்டு முறை எண்ணுவீர்கள். சிலவற்றை விட்டுவிடுவீர்கள். ஓடிக் கொண்டிருக்கும் விர்ச்சுவல் டிஸ்க்கைக் காப்பி செய்வதும் இதுபோலத்தான். பைலின் முன் பகுதி 10 மணி நிலவரம், பின் பகுதி 10.40 மணி நிலவரம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

விண்டோஸ் தன் டிஸ்க்கில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும். அதனால் ஓரளவு தேறி எழுந்துவிடும். ஆனால் பழைய கணக்கு புரோகிராம்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. எனவே விண்டோஸ் வரும், கணக்கு வராது. பச்சை அடையாளம் சொன்னது, பைல் காப்பி ஆகிவிட்டது என்பதை மட்டுமே. காப்பி பயன்படுமா என்பதை அது சொல்லவில்லை. நானும் சோதித்துப் பார்க்கவில்லை.

பேக்கப் போலத் தெரியும் இரண்டு

முதலாவது, ரெய்டு. என் அலுவலக நண்பர் கேட்டார், "பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் ரெய்டில்தானே போட்டிருந்தாய்?" ஆமாம். ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் ஒரு பைலை நீங்கள் தவறுதலாக அழித்தால், இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழிந்துவிடும். பைல் கெட்டுப் போனால் இரண்டிலும் கெட்ட பைல்தான் இருக்கும்.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட். இந்தச் சொல் பலரைக் குழப்புகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதற்குப் பிறகு வரும் மாற்றங்கள் தனிப் பைலில் எழுதப்படும். பழைய பைல் இருந்தால்தான் இந்தப் புதிய பைலுக்கு அர்த்தம் உண்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். ஒரு புதிய புரோகிராமைச் சோதித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப இது அருமையான வசதி. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போய்விடும்.

அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் டிஸ்க்குகளும் நெட்வொர்க் வழியாக இணையும் விர்ச்சுவல் டிஸ்க்குகள்தான். அமேசானின் இ.பி.எஸ். டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், அது எஸ்3 என்னும் வேறொரு சேமிப்பகத்தில் போய் அமரும். முதல் முறை முழுவதும், பின்னர் மாறிய பகுதிகள் மட்டும் சேமிக்கப்படும். எனவே டிஸ்க் பழுதானாலும் அது பிழைக்கும். ஆனால் உங்கள் அக்கவுன்ட் பாஸ்வேர்ட் திருடு போனால், திருடியவரே டிஸ்க்கையும் ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து அழித்துவிட முடியும். ஒரே சொல்தான், ஆனால் இடத்துக்கு இடம் பொருள் வேறு. "ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால், "அது எங்கே போய் உட்காருகிறது?" என்று கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே கதி

இது சின்ன மண்டியில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் பைல்களை அலுவலகக் கம்ப்யூட்டரில் வைக்காமல் 'ஜி-டிரைவ்' என்ற நெட்வொர்க் டிரைவில் வைத்து வந்தார்கள். அதில் இருந்த 858 டெராபைட் டேட்டா எரிந்து போனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே வேறு பேக்கப் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

நம் நாட்டில், 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாயின. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வகை இது. நாள் கணக்கில் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. ஆனால், தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால், இ-ஹாஸ்பிடல் டேட்டாவை மீட்டு எடுக்க முடிந்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

கொரியாவில் வேறு இடத்தில் ஒரு காப்பி இல்லை. எய்ம்ஸில் எட்டாத இடத்தில் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் டிஸ்க் பெட்டி 'இசட் டிரைவ்' என்று எப்போதும் கம்ப்யூட்டரில் தெரிந்து கொண்டே இருந்தால், ரான்சம்வேர் வைரஸுக்கும் அது தெரியும். எப்போதும் செருகியே இருக்கும் யு.எஸ்.பி. டிஸ்க்கும் அப்படியே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வழிகள் மூன்று. ஒன்று, விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து தேவையான பைல்களை மட்டும் எடுப்பது. இரண்டு, மெஷினை ஷட் டவுன் செய்து முழு டிஸ்க் பைலையும் காப்பி செய்வது. மூன்று, முழு டிஸ்க்கையும் கிளவுடுக்கு அனுப்புவது.

சித்தப்பா மூன்றாவதைத்தான் விரும்பினார். "நெட்ல போட்டுடு, தொல்லை விட்டுது" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். டிஸ்க் பைல் 100 ஜிபி. எங்கள் இன்டர்நெட்டில் மேலே அனுப்பும் வேகம் 20 எம்பிபிஎஸ். அந்த வேகம் குறையாமல் கிடைத்தாலே 11 மணி நேரம் ஆகும். மேலும், ஒரே ஒரு பில் போட்டாலும் அந்த 100 ஜிபி பைல் மாறிய பைலாகிவிடுகிறது. மாறிய பகுதியை மட்டும் பிரித்து அனுப்பத் தெரியாத புரோகிராம் என்றால், தினமும் முதலிலிருந்து அனுப்பும்.

இரண்டாவது வழியில், ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் 100 ஜிபிக்குச் சுமார் 15 நிமிடம் போதும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும். மெஷின் முழுவதுமாக அணைந்திருக்க வேண்டும். 'சேவ் ஸ்டேட்' கொடுத்து நிறுத்தி வைத்தால் போதாது. தினமும் இதைச் செய்யச் சொன்னால் பத்தாவது நாள் விட்டுவிடுவார்கள்.

முதல் வழியில் மண்டியின் கணக்கு போல்டர் மொத்தமே 40 எம்பி. சில விநாடிகளில் காப்பி ஆகிறது. ஆனால் விண்டோஸும் புரோகிராமும் அதில் வராது. எழுதியவர் ஊரில் இல்லாத புரோகிராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய சி.டி. எங்கே இருக்கிறது?

எனவே என் கருத்து இதுதான். வீட்டுக்கும் சிறு கடைக்கும் முதல் இரண்டும் சேர்ந்தே வேண்டும். தினமும் மாறுவதைத் தினமும் உள்ளிருந்து எடுங்கள். எப்போதாவது மாறுவதை மாதம் ஒருமுறை முழுவதுமாக எடுங்கள். இப்போது மண்டியில் நடப்பது இதுதான்:

1. இரவு கணக்கு புரோகிராமை மூடிய பிறகே, அதன் டேட்டா போல்டர் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புதிய போல்டரில் காப்பி ஆகிறது. பழையதன் மேல் எழுதுவதில்லை.

2. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று விர்ச்சுவல் மெஷினை ஷட் டவுன் செய்து, முழு டிஸ்க் பைலையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறோம்.

3. எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று மண்டி பீரோவில், இன்னொன்று புழலில் எங்கள் வீட்டில். மாதா மாதம் இடம் மாறும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவோம்.

4. தினசரி 40 எம்பி போல்டர் மட்டும் பாஸ்வேர்ட் போட்ட ஜிப் பைலாகக் கிளவுடுக்குப் போகிறது.

5. விண்டோஸ் 7 மெஷினுக்கு இன்டர்நெட் இணைப்பே கிடையாது. கிளவுடுக்கு அனுப்பும் வேலையை வெளியே உள்ள புதிய விண்டோஸ் செய்கிறது.

நான்காவது எதற்கு என்று கேட்கலாம். மண்டியில் தீப்பிடித்தால் வீட்டுக் காப்பி இருக்கும். ஆனால் செங்குன்றமும் புழலும் ஒரே ஏரிக்கரை. 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட ஏரி அது. பெருமழை என்றால் இரண்டு ஊருக்கும் ஒன்றாகத்தான் வரும். திருவொற்றியூரில் இருக்கும் அத்தை வீட்டில் ஒரு டிஸ்க் வைக்கலாம் என்றார் சித்தப்பா. புழல் ஏரியின் உபரிநீர் வடகரை, மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர் போய்த்தான் கடலில் சேர்கிறது. அத்தை வீடு தனி ஊர் என்றாலும் தனி மழை இல்லை. எனவே ஒரு காப்பியாவது சென்னையைத் தாண்டி இருக்க வேண்டும். கிளவுட் பிடிக்காதவர்கள் வேலூரிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைக்கலாம்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதியும் இதையேதான் சொல்கிறது. மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில்.

கடைசி பில் நம்பர்

இவ்வளவும் செய்துவிட்டுச் சோதிக்காமல் விட்டால், பழைய பச்சை அடையாளக் கதைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வழிகள் வைத்திருந்தும், எதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கை கொடுத்தது. தொழிலே கம்ப்யூட்டராக இருப்பவர்களுக்கே இப்படி என்றால், நாம் எம்மாத்திரம்?

எங்கள் சோதனை எளிது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பேக்கப் டிஸ்க்கை உள் அறைக் கம்ப்யூட்டரில் இணைக்கிறோம். அதிலுள்ள முழு டிஸ்க் பைலை அந்தக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து திறக்கிறோம். அதில் முந்தைய இரவின் டேட்டா போல்டரைப் போடுகிறோம். கணக்கு புரோகிராமைத் திறந்து கடைசி பில் நம்பரைப் பார்க்கிறோம். நேற்று போட்ட கடைசி பில்லின் நம்பர் அதில் இருந்தால் பேக்கப் சரி. இல்லை என்றால் அன்றே காரணத்தைத் தேடுகிறோம். இதைச் செய்வது நான் இல்லை, சித்தி. கம்ப்யூட்டர் படித்தவர் இல்லாமலே திரும்ப எடுக்க முடிகிறதா என்பதும் சோதனையில் சேர்த்திதானே!

சித்தி நோட்டில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கரண்ட் இல்லாமல் படிக்கலாம், வைரஸ் வராது, திறக்க எந்தப் புரோகிராமும் வேண்டாம். அதுவும் நல்ல பேக்கப்தான்.

நீங்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களிடம் விர்ச்சுவல் டிஸ்க் இல்லாமல் இருக்கலாம். குழந்தையின் போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கடைக் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு காப்பி எடுங்கள். அதை வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்த பிறகு கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.